விற்க மறுத்த கேமரா

மகளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். போன் தொல்லைதான் காரணம். அவள் அப்பா ஏ.சி. ரிப்பேர் செய்கிறவர். வேலைக்கான அழைப்பெல்லாம் அவர் போனில்தான் வரும். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் இவள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்கத் தொடங்கிவிடுவாள். செம்பூரில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில் வந்து உட்காரும் காக்கை, எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி, என் செருப்பு, பாதி கடித்த வடாபாவ், எதையும் விடமாட்டாள். படம் எடுத்து முடிந்ததும் விரல் தானாக வீடியோக்களுக்குப் போய்விடும். பிறகு கையிலிருந்து போனை வாங்குவதற்குள் அழுகையும் அடியும்தான்.

"ஒரு கேமராவ வாங்கிக் குடுத்துருவோம். அதுல படம் மட்டுந்தான எடுக்க முடியும்" என்று நான்தான் சொன்னேன்.

"நீயே பாத்துச் சொல்லு. எனக்கு அதெல்லாம் பிடிபடாது" என்றார் அவர்.

நான் ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவக் காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களில் எல்லாத் தாளும் இருக்கிறதா, முத்திரையும் கையெழுத்தும் சரியா என்று பார்த்து, நோயின் பெயரைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அந்த இரண்டு வாரமும் சாப்பாட்டு நேரத்தில் கேமராக்களைத் தேடினேன். குழந்தைகளுக்கென்று விற்பதெல்லாம் முயல் காது வைத்த பொம்மைகள். படம் மங்கலாக வரும், மூன்று மாதம் தாங்காது என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். பக்கத்து மேசைப் பெண் ஒரு யோசனை சொன்னாள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்த சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கு, கைக்கு அடக்கமாக இருக்கும், ஃப்ளாஷும் நன்றாக அடிக்கும், கோட்டைப் பகுதியில் பழையது விற்கும் கடைகள் இருக்கின்றன என்றாள்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை. மூன்று பேரும் ஹார்பர் லைன் ரயிலில் ஏறினோம். சுனாபட்டியில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நெடுநேரம் நின்றது. வி.டி. ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தில் நடக்கும்போது மகள் இடது பக்கம் வந்த ஓர் ஆள்மீது நேராகப் போய் மோதினாள். "முன்னாடி பாத்து நடன்னு எத்தன மட்டம் சொல்லுதது?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் எப்போதும் அப்படித்தான். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் வெளியே ஊற்றுவாள். கவனம் இல்லாத பிள்ளை என்று நான் ஒரு பெயரே வைத்திருந்தேன்.

கடை ஒரு பழைய கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் என் வயதுடைய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடை அவளுடையதுதான். அவள் பேசியது முழுக்க இந்தி. ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் நினைவில் தமிழாகவே தங்கிவிட்டது.

யாருக்கு என்று கேட்டாள். மகளைக் காட்டினேன். உடனே அவள் என்னை விட்டுவிட்டு மகளிடம் பேச ஆரம்பித்தாள். என்ன எடுப்பாய், தூரத்தில் இருப்பதையா பக்கத்தில் இருப்பதையா, கையிலிருந்து அடிக்கடி விழுமா. மகள் பெரிய மனுஷி மாதிரி இந்தியில் பதில் சொன்னாள். மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள் அந்தப் பெண். வெள்ளி நிறத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, பிறகு மூலையெல்லாம் தேய்ந்த சாம்பல் நிறத்தில் ஒன்று. மகள் சிவப்பைத் தொட்டாள்.

"முதலில் எப்படி எடுக்கிறது என்று பார்ப்போம். என்னைப் பார்த்துச் சிரி" என்று அந்தப் பெண் சிவப்புக் கேமராவால் மகளைப் படம் எடுத்தாள். ஃப்ளாஷ் அடித்தது. பின்னால் இருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். பிறகு புடவை முந்தானையால் லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தாள்.

அதையும் பார்த்துவிட்டு வெள்ளிக் கேமராவை எடுத்தாள். "இங்கே பார், கண்ணு." ஃப்ளாஷ். பிறகு சாம்பல் கேமரா. ஃப்ளாஷ்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "மூணும் கெட்டுப்போனதா?" என்று இந்தியில் கேட்டார்.

அவள் மூன்று கேமராக்களையும் வரிசையாக வைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மூன்றிலும் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றிலும் வலது கண்ணின் பாவை சிவப்பாக இருந்தது. இருட்டில் ஃப்ளாஷ் அடித்தால் வருமே, அந்தச் சிவப்பு. இடது கண்ணின் பாவை மட்டும் சோற்றுக் கஞ்சியின் நிறத்தில் வெளுத்திருந்தது.

நான் குனிந்து மகளின் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் கறுப்பாக, எப்போதும் போலத்தான் இருந்தன.

"கேமரா சரியாகத்தான் இருக்கிறது" என்றாள் அந்தப் பெண். சாம்பல் கேமராவை மகளிடம் கொடுத்தாள். அதில் திரையைத் தவிர, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டையும் உண்டு. "இது வழியாக என்னைப் பார். தெரிகிறேனா?"

மகள் வலது கண்ணை வைத்துப் பார்த்தாள். "தெரியுதீங்க."

"இப்போது அந்தக் கண்ணை மூடிக்கொள். மற்ற கண்ணால் பார்."

மகள் கேமராவை மாற்றி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு கேமராவைத் திருப்பி முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஓட்டைய மூடிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் மூன்று கேமராக்களையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "இன்றைக்குக் கேமரா தரமாட்டேன். முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்கு, இல்லாவிட்டால் மறுநாள். தள்ளிப்போடாதீர்கள்" என்றாள்.

"அது லைட்டு. பூனக் கண்ணு மின்னும்லா? அது மாதிரி" என்று இவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

அவளுக்குத் தமிழ் புரிந்திருக்காது. குரல் புரிந்திருக்கும். மகளைக் கடை வாசலில் தொங்கிய தோல்பைகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, என் பக்கம் குனிந்து பேசினாள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே மாதிரி வந்தாராம். நீ விற்ற கேமராவில் என் குழந்தையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுகிறது என்று சண்டை போட்டாராம். "நான் கேமராவை மாற்றிக் கொடுத்தேன். அதைத்தான் செய்தேன்" என்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "தள்ளிப்போடாதீர்கள்" என்று மறுபடி சொன்னாள்.

திரும்பும் வண்டியில் இவர் பொருமிக்கொண்டே வந்தார். "யாவாரம் பண்ணத் தெரியாத பொம்பள. மழையில இம்புட்டுத் தூரம் வந்த ஆள இப்பிடியா வெரட்டுவா? சின்னப் பிள்ளய வேற பயங்காட்டிக்கிட்டு." மகள் கேமரா கிடைக்காத கோபத்தில் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வடாலா ஸ்டேஷன் தாண்டியதும் நான் அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். "ஏட்டி, ஒரு வெளையாட்டு வெளாடுவமா? அம்மா ஒன் கண்ணப் பொத்துவேன். கையில எத்தன வெரலுன்னு சொல்லணும்."

வலது கண்ணை என் உள்ளங்கையால் நன்றாக மூடினேன்.

"மூணு" என்றாள்.

நான் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

"சரியாப் பாத்துச் சொல்லு."

"ரெண்டு. இல்ல, அஞ்சு."

என் மற்றக் கை அவள் இடுப்பைச் சுற்றியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த இவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கண்ணுல ஒனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"அது சும்மா கண்ணும்மா. இதான் பாக்குத கண்ணு. எல்லாருக்கும் அப்பிடித்தான?"

பள்ளியில் கண் சோதித்தார்களே என்றேன். அதில் கையால் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்வார்களாம். விரல் சந்து வழியாகப் பார்த்து எழுத்தைப் படித்துவிடுவாளாம். எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

தினமும் காலையில் அவளை எதிரில் உட்காரவைத்து முகத்துக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்துவிடுகிறவள் நான். எட்டு வருடமாக அந்தக் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். கறுப்புப் பாவை விரிந்து விரிந்து கண் முழுக்க நிறைந்தது. வலது பக்கம் கறுப்பாகவும் இடது பக்கம் உள்ளே ஏதோ மஞ்சளாகவும் இருந்தது. இப்போது ஃப்ளாஷ் இல்லாமலே தெரிந்தது. இளவயது டாக்டர் ஒருவர் விளக்கை வைத்துப் பார்த்தார். எழுந்து போய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். இரண்டு பேரும் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பெற்றோருக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் சொன்ன இரண்டு நோய்களில் ஒன்றின் பெயரை நான் என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன்.

இளைய டாக்டர் எங்களுக்கு இந்தியில் சொன்னார். கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் கசிந்து சேர்ந்த படிவமாக இருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம். கட்டி பெரும்பாலும் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. ஆனாலும் ஸ்கேன் எடுக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். "ஃப்ளாஷ் போட்டு எடுத்த பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும்."

"கட்டின்னா?" என்றார் இவர்.

டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பேசுவோம்" என்றார்.

லீவு பின்னால் தேவைப்படும் என்று மறுநாள் நான் வேலைக்குப் போனேன். கணினியைத் திறந்ததும் ஞாபகம் வந்தது. எந்த மாதம் என்று நினைவில்லை, ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் விண்ணப்பம் வந்திருந்தது. டாக்டர் சொன்ன அதே கட்டிதான். கண்ணை எடுத்துவிட்டதாக அறுவைக் குறிப்பில் இருந்தது. ஒரு பக்கத்தில் டாக்டர் முத்திரை இல்லை என்று நான் அதைத் திருப்பி அனுப்பினேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அது மறுபடி வந்ததா, யார் கைக்குப் போனது, எனக்குத் தெரியாது. அன்று முழுக்க என் திரையில் ஒவ்வொரு நோயின் பெயருக்கு எதிரிலும் வயது என்ன என்றுதான் முதலில் பார்த்தேன்.

எங்கள் போனில் இருந்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் பகலில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தவை. இவருடைய அக்கா கோபர்கைரனேயில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தாராவியில் நடந்த அவர் மகள் கல்யாணத்தில் படம் எடுத்தார்களே என்று நினைவு வந்தது. புதன்கிழமை மாலை வேலை முடிந்து வரும் வழியில் அங்கே இறங்கினேன். மதினியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆல்பம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பட்டுப்பாவாடையில் பூத்தட்டோடு மேடைப் பக்கம் நிற்கிறாள் மகள். ஆறு வயது. இடது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தைத் திருப்பினேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதிலும் இருந்தது.

"அப்பமே எல்லாரும் சொன்னாவல்லா?" என்றார் மதினி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "இவளுக்குப் பூனக்கண்ணு மாதிரி மின்னுதுன்னு. அது ராசின்னு எங்க மாமியாகூடச் சொன்னாவ."

எனக்கும் அது ஞாபகம் இருந்தது. நானும்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த குடும்பப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதே நாள், அதே பாவாடை. அதில் இரண்டு கண்ணும் கறுப்பாக இருந்தன.

"அதுல எப்பிடி மதினி?"

"பெரிய படத்துல வெள்ளையாத் தெரிஞ்சா நல்லாருக்காதேன்னு ஸ்டுடியோக்காரன்ட்ட நான்தாம்ட்டி சரி பண்ணச் சொன்னேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்க? பிள்ளைக்கு என்ன?"

நான் சொன்னேன். அவர் ஆல்பத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி, மூடிய ஆல்பத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் போகும்போது பயந்தால் அப்பாவைக் கூப்பிடு என்று சொல்லி அனுப்பினோம். அவள் கூப்பிடவில்லை. வெளியே இவர்தான் நிற்க முடியாமல் படியிறங்கிப் போய்விட்டு வந்தார். சட்டை மழையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தைத் துடைக்கவே இல்லை.

மறுநாள் டாக்டர் சொன்னார், "கட்டி இல்லை."

நான் அழுதேன். அவர் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னார். ரத்தக்குழாய்கள் கசிந்து கசிந்து விழித்திரையை முழுதாகத் தூக்கிவிட்டன. அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது. கல்யாணப் படம் எடுத்த சமயத்தில் வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம். இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் அழுத்தம் ஏறி, வலி வந்து, கண்ணையே எடுக்க வேண்டியிருந்திருக்கலாம். இப்போது கசிவை அடைத்துக் கண்ணை அதன் இடத்திலேயே வைத்திருக்கப் பார்க்கலாம். அவ்வளவுதான் முடியும்.

மூன்று தடவை மயக்க மருந்து கொடுத்து வைத்தியம் செய்தார்கள். மூன்றாவது தடவை அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் இவர் சொன்னார், "அந்தப் பொம்பளய நான் பேசின பேச்சு…"

தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். மகள் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். நல்ல கண்ணில் அடிபடாமல் இருக்க வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியது. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வெளியே வந்தாள். இவர் கைகூப்பினார். அவள் மகளின் தலையில் கைவைத்து, கண்ணாடிக்குள் எட்டி இரண்டு கண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

இந்தத் தடவை மகள் சிவப்பைத் தொடவில்லை. சாம்பல் கேமராவைக் கேட்டாள். கண்ணாடியோடு ஓட்டையில் பார்க்க வருகிறதா என்று அவளே பல தடவை சோதித்தாள். வருகிறது என்றாள். அந்தப் பெண் கேமராவைக் கட்டுவதற்கு முன் ஒரு பொத்தானைக் காட்டி, "ஃப்ளாஷை அணைத்து வைக்கிறேன். பகலில் எடுக்கத் தேவையில்லை" என்றாள்.

"வேண்டாம். அது எரியட்டும்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அப்படியே கொடுத்தாள். அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றி நானும் கேட்கவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லோடுதான் நாங்கள் குடியிருக்கிறோம். ஜனவரியில் ஒரு நாள் மகள் பீரோக் கண்ணாடியில் தன்னையே படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாங்கிப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிக்கிறாள். கண்ணாடியில் எடுத்ததால் எந்தக் கண் எது என்று குழம்பியது. அவளை எதிரில் நிறுத்தி, படத்தை வைத்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். வெளுத்துத் தெரிந்தது வலது கண்.

இவர் ஐந்தாம் மாடி ஒன்றில் ஏணிமேல் நின்றிருந்தார். போன் போட்டேன். கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆட்டோவில் போகும்போது மகள் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு, "நான் எதும் தப்பாப் பண்ணிட்டனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இவரும் நானும் மாறி மாறி இல்லை இல்லை என்றோம்.

அதே டாக்டர் சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் நரம்பு நுழையும் இடத்தில் வெளிச்சம் பட்டால், ஒரு கோணத்தில் நல்ல கண்ணும் வெளுத்துத் தெரியுமாம். "இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

ஆறு மாதம் வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அவள் கேமராவாலேயே அவளைப் படம் எடுக்கிறேன். நேராக ஒன்று, அந்தப் பக்கம் பார்த்து ஒன்று, இந்தப் பக்கம் பார்த்து ஒன்று. இவர் வாசல்படியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சிரிக்கணுமாம்மா?" என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வேண்டாம். கண்ண மட்டும் நல்லாத் தெற" என்பேன்.